பல்லில் கடித்த வலை

சந்திரம்மா சாபம் விட்டதை ஊரே கேட்டது. ரகசியமாக விட்ட சாபம் இல்லை அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அந்தக் குப்பத்து மணலில், சாயங்கால வெளிச்சத்தில், மீன் வாங்க வந்த சைக்கிள்காரர்கள் உட்பட அத்தனை பேருக்கும் நடுவில், அறை வாங்கிய சூட்டோடு விட்டாள்.

“என்ன அடிச்ச கை இருக்கட்டும். எங்க ஆத்தாளப் பேசின வாயி புழுத்துப் போவ. அந்த வாயில சோறு எறங்காமப் போவ.”

அறைந்தவன் அவள் புருஷன் பக்தவச்சலம். சங்கதி பெரிதில்லை. கடப்பாக்கத்தில் காய்ச்சலில் கிடந்த தன் தாய்க்கு அவள் ஒரு கூடை மடவை மீனைக் கேட்காமல் கொடுத்தனுப்பிவிட்டாள். சாராயம் உள்ளே போயிருந்தால் அவனுக்கு ஒரு கூடை மீன் ஒரு கட்டுமரத்தின் அளவுக்குத் தெரியும். குடிக்காத நாளாக இருந்தால் அவனே இன்னொரு கூடை நிரப்பித் தந்திருப்பான். இப்படிப்பட்டவர்களைக் கோபக்காரன், ஆனால் நல்லவன் என்று சொல்லுவார்கள். அறை வாங்குகிற கன்னத்துக்கு அந்த ‘ஆனால்’ எட்டுவதில்லை.

அவன் வீச்சு வலைக்காரன். வீச்சு வலை வீசுவதற்கு மனுஷனுக்கு மூன்று கை வேண்டும், சாமி இரண்டுதான் கொடுத்திருக்கிறது. ஆகவே மூன்றாவது கையாக வாயை வைத்துக்கொள்வார்கள். கயிறு இடது மணிக்கட்டில், வலையில் பாதி தோளில், ஈயக்குண்டு கோத்த விளிம்பு பல்லில். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மீன் வரும்வரை விளிம்பைக் கடித்தபடியே காத்திருந்து, உடம்பைச் சுழற்றி வீசும்போது சரியான நொடியில் பல்லை விட வேண்டும். பக்தவச்சலம் வீசினால் வலை வட்டமாக விரிந்து விழும். குடித்த மறுநாளும் அப்படியே விழும்.

அந்த வருஷங்களில்தான் குப்பத்துக்குள் நைலான் வலை வந்தது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம். பழைய நூல் வலையைத் தினமும் அலசிக் காயப்போடாவிட்டால் மக்கிப்போகும். நைலான் மக்காது. மக்காத வலையை எதற்கு அலசுவது என்று ஊர்ப் பெண்கள் அந்த வேலைக்கு முழுக்குப் போட்டார்கள். சந்திரம்மா மட்டும் விடவில்லை. புருஷன் வாய் வைக்கிற பண்டம், எச்சில் தட்டைக் கழுவாமல் அதிலேயே சோறு போடுவாளா ஒருத்தி என்பாள்.

அறை விழுந்த அன்றைக்கு வலையில் மீனைவிடச் சொறிதான் அதிகம். கண்ணாடிக் கஞ்சிபோல மிதந்து வருகிற அந்த ஜெல்லி மீனின் நூல் பட்டால் தோலில் சூட்டுக்கோல் இழுத்த மாதிரி எரியும், வரி வரியாகத் தடிக்கும். மணலை அள்ளித் தேய்த்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சொறி பட்டுச் செத்தவன் என்று அந்தக் கரையில் ஒருத்தனும் கிடையாது. காய்ந்துவிட்டால் அது செத்த சொறி, அதற்குமேல் அதற்கு மரியாதை இல்லை. வலைக் கண்களில் அந்த வழவழப்பு நூல் நூலாகச் சிக்கியிருந்ததைச் சந்திரம்மா பார்த்தாள். கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ‘வேணும்னா நீயே அலசிக்க’ என்று நினைத்தபடி வலையைத் தாண்டி நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். வலை மணலிலேயே கிடந்து காய்ந்தது.

மறுநாள் காலையில் முகத்தைப் பார்க்காமல் கூழை வைத்தாள். அவனும் முகத்தைப் பார்க்காமல் குடித்தான். காய்ந்த வலையை இரண்டு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். கரையோரம் மடவைக் கூட்டம் வந்திருந்தது, வெள்ளி வெள்ளியாகத் துள்ளிக்கொண்டு. கடலில் வலையை நனைத்து, விளிம்பைக் கடித்து, வீசினான். உதடு எரிந்தபோது உப்பு என்று நினைத்திருக்கிறான். நாக்கு எரிந்தபோது கூட்டம் கலைவதற்குள் இன்னொரு வீச்சு என்று நினைத்திருக்கிறான். பக்கத்தில் வீசிக்கொண்டிருந்தவன் பிறகு சொன்னது இது. மீனவனுக்கு மீன் கண்ணில் படும்போது உடம்பு ஞாபகம் இருந்தால் அவன் மீனவனே இல்லை.

சந்திரம்மா வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஈர வலையை மணலில் இழுத்தபடி அவன் தள்ளாடி வருவதைப் பார்த்து, காலையிலேயே குடித்துவிட்டான் என்று நினைத்தாள். கிட்டே வந்ததும் கையிலிருந்த கருவாடு கீழே விழுந்தது. உதடு இரண்டும் தடித்து வெளியே மடிந்திருந்தன. நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. எச்சில் தாடையிலிருந்து நெஞ்சுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குள் கதவு உராய்கிற மாதிரி ஒரு சத்தம். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான், வரவில்லை. முட்டி மடங்கி வாசலிலேயே உட்கார்ந்தான்.

ஊர் கூட எவ்வளவு நேரம் ஆகும். முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா. வெறும் வாயை மெல்லுகிறவள் அவள், அன்றைக்கு அவல் கிடைத்துவிட்டது.

“நேத்து சாயங்காலம் சொன்னா, இன்னிக்குக் காலைல நடந்துகிச்சு. வாயி புழுத்துப் போவன்னாளே, பாருங்க வாய. கூழுல இன்னாத்தையோ கலந்துட்டா.”

அதைக் கேட்டுக்கொண்டே வந்தான் காத்தவராயன், பக்தவச்சலத்தின் அண்ணன். கட்டுமரத்துக்குப் பின்தலையில் நின்று துடுப்புப் போடுகிற ஆள், கதவை மறைக்கிற உடம்பு. அப்பன் கடலோடு போனபின் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அவனுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து இந்தத் தம்பிதான். அச்சரப்பாக்கத்தில் வயல்காரன் ஒருத்தன் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டுக் கிடந்தபோது, சாணித் தண்ணீரைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கவைத்துப் பிழைக்கவைத்ததை அவன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். கண்ணால் கண்ட வைத்தியத்தைவிடப் பெரிய வைத்தியம் ஏது.

“இன்னாமே குட்த்த அவனுக்கு?”

“கூழுதான் மாமா. நானும் அதே பானைலதான் குட்ச்சேன்.”

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான், மூங்கில் படலோடு சேர்ந்து விழுந்தாள். நெற்றியில் படலின் முனை கிழித்து ரத்தம் கண்ணுக்குள் வந்தது.

“சாணியக் கரைச்சினு வாங்கடா. சீக்கிரம்.”

சந்திரம்மா எழுந்து புருஷனிடம் தவழ்ந்து போனாள். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். வாய் ஓரத்திலிருந்து தாடைக்குச் சிவப்பாக வரிகள் இறங்கியிருந்தன, நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி. அந்த வரியைத் தெரியாத பெண் கடற்கரையில் கிடையாது. வலை. நான் அலசாத வலை.

சொல்லலாம். சொன்னால், ஆமாம் நான்தான் காரணம் என்று ஊர் நடுவில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். அவள் சொல்லவில்லை. நாக்கு எழவில்லை என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம், பயந்துவிட்டாள். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொந்த எச்சிலே இறங்காத தொண்டை. அதில் ஒரு சொம்பு சாணித் தண்ணீர் எங்கே இறங்கும்? மூச்சுக்கு இருக்கிற ஊசி வழியையும் அடைத்துவிடும்.

மீன் அறுக்கிற அரிவாள்மனை அடுப்படியில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து புருஷனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றாள்.

“அவன் வாயில யாரும் கைய வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. ஊத்தறவன் கை இங்கியே வுழும்.”

“பாத்துக்கோ அண்ணாத்த, வெசத்த வெளிய எடுக்க வுடமாட்டேன்றா” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

நியாயந்தானே. விஷம் வைக்காதவள் வைத்தியத்தைத் தடுப்பாளா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இப்படித்தான் நடக்கிறது, எல்லாரும் அறிவோடு யோசித்துக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. காத்தவராயன் வாசலில் கிடந்த துடுப்பை எடுத்து ஓங்கி அடித்தான். அரிவாள்மனை தெறித்துப் போய் மணலில் குத்தி நின்றது, அவள் மணிக்கட்டில் எலும்பு நொறுங்கியதோ என்னவோ, கை தொங்கிப்போனது. இரண்டு ஆட்கள் பின்னாலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு பேர் பக்தவச்சலத்தை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். மல்லாந்ததும் அவன் காலை உதைத்துக்கொண்டு துள்ளினான். உட்கார்ந்திருந்தபோது வந்த கொஞ்சம் மூச்சும் படுத்ததும் நின்றுபோனது என்று அவனால் யாருக்குச் சொல்ல முடியும்? விஷம் ஏறுகிறது என்றார்கள். காத்தவராயன் தம்பியின் நெஞ்சில் முட்டியை ஊன்றி, வீங்கிய உதட்டை விரலால் பிளந்து, சொம்பைச் சாய்த்தான். சாய்க்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். “குடி நைனா. எனுக்காகக் குடிச்சிடு நைனா.”

பச்சைத் தண்ணீர் உள்ளே போய், மூக்கு வழியாக வெளியே வந்தது. பக்தவச்சலத்தின் உடம்பு வில்லாக வளைந்தது. கண் வெள்ளை தெரிந்தது. நகக்கண்கள் நீலம் பூத்தன.

சந்திரம்மா தன்னைப் பிடித்திருந்தவன் புறங்கையில் பல்லைப் பதித்தாள். சதை பிய்ந்து வாய்க்கு வந்தது. அவன் அலறிக் கையை விட்ட நொடியில் பாய்ந்து, தலையால் காத்தவராயன் விலாவில் மோதினாள். சொம்பு உருண்டது. புருஷனைத் தூக்கிக் குப்புறச் சாய்த்து முதுகில் அறைந்தாள். பச்சையும் எச்சிலுமாக வெளியே கொட்டியது. மறுபடியும் அந்தக் கதவு உராய்கிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைப்போல இனிமையான சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை.

“நான்தான்” என்றாள். “நான்தான் செஞ்சேன், கேளுங்க. கூழுல இல்ல. வலைல. நேத்து அட்ச்சான்னு வலைய அலசாம வுட்டுட்டேன். சொறி ஒட்டிகினு இருந்திச்சி. அத்த வாயில கடிச்சிகினு வீசிட்டு வந்துகீறான். தொண்டைதான் வீங்கிகீது. வயித்துல ஒண்ணும் கெடையாது, ஊத்தாதீங்க.”

முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு சொம்பு உள்ளே போயிருக்காது. அது அவளுக்கும் தெரிந்தது.

காத்தவராயன் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாசலில் கிடந்த ஈர வலையை வாரி எடுத்தான். விளிம்பைத் திருப்பி, ஈயக்குண்டுகளுக்கு நடுவே பழுப்பாக ஒட்டியிருந்த மிச்சத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து அரக்கித் தேய்த்தான். இரண்டு கையிலும் தேய்த்தான். ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரிக் கையை விரித்துக் காட்டினான்.

“எங்கமே எரியுது? காஞ்ச சொறி கடிக்குமா? யாருகிட்ட கத வுட்ற?”

கையில் ஒன்றுமே இல்லை. சின்னச் சிவப்புகூட இல்லை. கூட்டம் உறுமியது. குப்பம்மா மறுபடி சாணி கரைக்க உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை பெரிய சட்டியில்.

பேசிப் பயனில்லை என்று சந்திரம்மாவுக்குப் புரிந்தது. அவள் காத்தவராயனின் கையிலிருந்த வலையைப் பிடித்து இழுத்தாள். அவன் தடுப்பதற்குள் அந்தப் பழுப்பு ஒட்டியிருந்த விளிம்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு கடித்தாள். சும்மா கடிக்கவில்லை. ஈயக்குண்டு பல்லில் நெறிபட வெற்றிலை மெல்லுவதுபோல மென்றாள். கடவாய்க்குள் தள்ளி, நாக்கால் தேய்த்து, அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு மென்றாள்.

முதலில் உப்பு தெரிந்தது. பிறகு கொதிக்கிற எண்ணெயில் வாய் வைத்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் பொங்கியது. துப்பவில்லை. உதடு மரத்து, கனத்து, தன் உதடாக இல்லாமல் போவது தெரிந்தது. கூட்டம் கிட்டே நெருங்கியது. அவள் கீழுதடு அவர்கள் கண்ணெதிரிலேயே மேலே எழும்பி, பளபளவென்று மடிந்தது. வாய் ஓரத்தில் சிவப்பு வரி ஒன்று கிளம்பித் தாடைக்கு இறங்கியது. பக்தவச்சலத்தின் தாடையில் இருந்த அதே வரி.

காத்தவராயன் அந்த வரியையும் இந்த வரியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு குனிந்து குப்பம்மாவின் சட்டியைக் காலால் எட்டி உதைத்தான். தம்பியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினான். சந்திரம்மா வலையை உமிழ்ந்துவிட்டுப் பின்னால் ஓடினாள்.

சிற்பம் பார்க்க ஆட்களைக் கொண்டுவந்திருந்த செங்கல்பட்டு டாக்சி ஒன்று புளியமரத்தடியில் நின்றது. டிரைவர் பார்த்தசாரதி சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தான். சாணித் தண்ணீரும் ரத்தமுமாக வந்தவர்களைப் பார்த்துவிட்டு, “பார்ட்டி கோயில்ல இருக்காங்க, வரமுடியாதுங்க” என்றான். காத்தவராயன் ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கார்க் கண்ணாடியை அடித்து உடைத்தான். பார்த்தசாரதி வண்டியைக் கிளப்பினான். பாவம், அவன்மேல் ஒரு தப்பும் கிடையாது.

திருக்கழுக்குன்றம் தாண்டிச் செங்கல்பட்டு வரும்வரை சந்திரம்மா புருஷனை நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்தை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். உடைந்த மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. அவனுடைய மூச்சுச் சத்தம் நிற்கும்போதெல்லாம் முதுகில் அறைந்தாள், அது திரும்ப வந்தது. செத்துடாதே என்று சொல்ல நினைத்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. ஊளையாகத்தான் வந்தது. இவன்மேல் எனக்கு இவ்வளவு ஆசையா என்று அவளுக்கே ஆச்சரியமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவப்பிரகாசம் வராந்தாவிலேயே எதிர்ப்பட்டார். ஒல்லியான மனிதர், கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. பக்தவச்சலத்தின் வாயைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார்.

“என்ன இது, ரெண்டு பேருக்கும்?”

“சொறிங்க” என்றான் காத்தவராயன். “வாயில பட்டிடிச்சி.”

அதற்குள் அந்த மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. சந்திரம்மா அறைந்தாள், வரவில்லை. இன்னும் ஓங்கி அறைந்தாள், வரவில்லை. பக்தவச்சலத்தின் முகம் நாவல்பழ நிறத்துக்குப் போனது. டாக்டர் அவனை அங்கேயே தள்ளுவண்டியில் படுக்கவைத்து, தொண்டைக் குழியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நர்ஸ் ரெபேக்காளிடம் கையை நீட்டினார். ஒரு சின்னக் கத்தி அவர் கைக்கு வந்தது. மயக்க மருந்துக்கெல்லாம் நேரமில்லை. கத்தி தொண்டையில் இறங்கியது. ரத்தம் பீறிட்டு அவர் கண்ணாடியில் தெறித்தது.

காத்தவராயனுக்கு என்ன தெரியும். தம்பியின் கழுத்தை ஒருத்தன் அறுக்கிறான் என்று தெரிந்தது. அவன் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. தடுத்த வார்டு ஆளைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். இன்னும் இரண்டு எட்டில் டாக்டரின் கழுத்து அவன் கைக்கு எட்டியிருக்கும். சந்திரம்மா அவன் கால் இரண்டையும் கட்டிக்கொண்டு விழுந்தாள். அவன் அவளையும் இழுத்துக்கொண்டு ஒரு எட்டு நகர்ந்தான். முகத்தில் உதைத்தான். வீங்கிய உதடு கிழிந்தது. அவள் விடவில்லை. உடைந்த கையால் பிடிக்க முடியாததால் முழங்கையால் அவன் முட்டியை மடக்கி, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டாள். அவ்வளவு பெரிய ஆள் சிமெண்டுத் தரையில் முகம் அடிபட விழுந்தான். அவள் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, கையில் அகப்பட்ட எனாமல் கிண்ணத்தால் பின்மண்டையில் அடித்தாள், மறுபடி அடித்தாள். காலையில் வாங்கியதெல்லாம் அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

அப்போது ஒரு விசில் கேட்டது. வாயிலிருந்து வரவில்லை. தொண்டைக் குழியில் போட்ட ஓட்டையிலிருந்து, ரத்தக் குமிழியோடு, காற்று உள்ளே போய் வெளியே வந்தது. மறுபடி போய் வந்தது. டாக்டர் அதில் ஒரு குழாயைச் செருகினார். நாவல்பழ நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. காத்தவராயன் தரையில் கிடந்தபடியே தலையைத் திருப்பி அதைப் பார்த்தான். சந்திரம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகிலேயே உட்கார்ந்து அழுதாள்.

எல்லாம் அடங்கியபின், வலைக் கதையையும் கையில் தேய்த்த கதையையும் சந்திரம்மா குழறிக் குழறிச் சொல்லக் கேட்டுக்கொண்டு, டாக்டர் காத்தவராயனைக் கூப்பிட்டார். போலீஸுக்குச் சொல்லப்போகிறார் என்று நினைத்து அவன் கையைக் கட்டிக்கொண்டு போனான். அவர் அந்தக் கையைப் பிரித்து, உள்ளங்கையைத் தன் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இதுலதானே தேய்ச்சே? இது துடுப்புப் பிடிச்சுக் காய்ச்சுப்போன தோல்யா. அந்த ஜந்துவோட நூல் பூராவும் கண்ணுக்குத் தெரியாத விஷ ஊசி. அது செத்தாலும் ஊசி சாகாது, காய்ஞ்சு கிடக்கும், நனைஞ்சா மறுபடி பாயும். உன் கையில பாதி தூரம்கூட இறங்கியிருக்காது. வாய்க்குள்ள இருக்கிறது இந்த மாதிரித் தோல் இல்ல. ஈரச் சவ்வு, அடியில உடனே ரத்தம். குத்தின விஷம் தடையே இல்லாம உள்ள போயிடும். அவன் வீச்சுக்கு வீச்சு அதை வாயிலயே வச்சுக்கிட்டு நின்னிருக்கான். அதோட, முன்னாடி பல தடவை பட்ட உடம்பு சில சமயம் இன்னும் மோசமா வீங்கும்.”

டாக்டர் அவன் கையை விட்டார்.

“நெஞ்சுல சளி மாதிரி ஏதோ கரகரங்குது. என்ன ஊத்தினீங்க?”

“சாணித் தண்ணிங்க.”

“யார் ஊத்தினது?”

“நான்தாங்க. ஒரு சொம்பு.”

“இன்னொரு சொம்பு ஊத்தியிருந்தா அவனை இங்க கொண்டுவர வேண்டிய வேலையே இருந்திருக்காது.”

காத்தவராயன் வராந்தாவுக்குப் போய்த் தூணில் தலையை முட்டிக்கொண்டான். யாரும் போய்த் தடுக்கவில்லை. அன்றைக்கு அவனைத் தடுக்கிற தெம்பு அங்கே யாரிடமும் மிச்சமில்லை.

சந்திரம்மாவின் மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு, கிழிந்த உதட்டில் தையல் போட்டார்கள். பக்தவச்சலத்துக்குக் காய்ச்சல் கொளுத்திவிட்டு இறங்கியது. அவன் கண் திறந்து ஆளை அடையாளம் கண்டுகொண்ட காலையில், ரெபேக்காள் குழாயைச் சுத்தம் செய்துவிட்டு அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்: மேல் தொண்டையில் வீக்கம் இன்னும் வடியவில்லை, இந்த ஓட்டைதான் அவனுக்கு மூக்கு, இதை எதுவும் மூடக் கூடாது, ஈ உட்கார்ந்தாலும் விரட்டு.

சந்திரம்மா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தையல் போட்ட உதட்டால் தட்டுத் தடுமாறிப் பேசினாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“வலைய நான்தான் அலசல. பாத்தேன், சொறி இருந்திச்சி, தாண்டிகினு வந்துட்டேன். நீ அட்ச்ச, அதான். நீ சாவணும்னு நெனைக்கல. ஆனா வாய் கொஞ்சம் எரியட்டும்னு நெனச்சனா இல்லையான்னு எனுக்கே தெரியல. உங்கண்ணன் என் கைய ஒட்ச்சான். மூஞ்சியில உத்ச்சான். உன்னக் காப்பாத்தறேன்னு உன்ன சாவடிக்கப் பாத்தான். நீ நாலு வருசமா அட்ச்சிகினுதான் கீற. ஒருக்காவும் நான் சொன்னத முட்ச்சி வுட்டதில்ல. இப்ப கேளு.”

சொன்னாள். கல்யாணமான புதிதில் அடுப்படியில் விழுந்த முதல் அடியிலிருந்து தொடங்கினாள். எந்த அடிக்கு எந்தக் காரணம், எந்தக் காரணம் பொய், எந்த இரவில் கடப்பாக்கத்துக்கே போய்விடலாம் என்று கிளம்பி ரோடுவரை நடந்து திரும்பி வந்தாள், எல்லாம் சொன்னாள். அவன் தாய்க்கு அவள் பீ மூத்திரம் வாரியதைச் சொன்னாள், தன் தாய்க்கு ஒரு கூடை மீன் ஆகாமல் போனதைச் சொன்னாள். பக்தவச்சலம் கேட்டுக்கொண்டிருந்தான். வேறு வழி என்ன இருக்கிறது அவனுக்கு? வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. குழாயில் காற்று மட்டும் சீறியது. முகத்தைத் திருப்ப முயன்றான், தொண்டை வலித்தது. மறுபடி அவளையே பார்த்தான். பாதிக் கதையில் அவன் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

அவள் பேசி முடித்தாள். அவன் உதடு அசைந்தது. என்னவோ சொல்லியே ஆக வேண்டும் என்ற தவிப்பு முகத்தில் ஏறியது. மன்னிப்போ, திட்டோ, அவள் பெயரோ, யாருக்குத் தெரியும். காற்று அந்த ஓட்டை வழியாகப் போவதால்தான் குரல் வரவில்லை என்று அவனுக்கே எப்படியோ புரிந்திருக்கிறது. கையைத் தூக்கி, விரலால் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு, பேசுவதற்கு வாயைத் திறந்தான். மேலே வழியில்லை. கண் பிதுங்கியது.

சந்திரம்மா ஓங்கி அடித்தாள். நல்ல கையால், இருக்கிற பலமெல்லாம் சேர்த்து, அவன் கையில் அடித்தாள். வார்டின் மறுகோடியில் இருந்த ரெபேக்காள் திரும்பிப் பார்க்கிற மாதிரி விழுந்தது அந்த அடி. விரல் குழாயை விட்டு விலகியது, காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. அவன் மறுபடி கையைத் தூக்கினான். அவள் அந்தக் கையைப் பிடித்து மெத்தையோடு அழுத்தி, அதன்மேல் தன் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டாள்.

“ஒண்ணும் பேச வேணாம்” என்றாள். “மூச்சு வுடு.”